கார்டின் இங்கிலீஷ் பக்கம்

786
கள்ளக்குறிச்சி
23.11.1986

அன்புள்ள கண்ணகிக்கு,

கல்யாணக் கார்டுகளின் இங்கிலீஷ் பக்கத்தில் ஒன்றைக் கவனித்தேன். ‘இன்வைட்டட்’ என்ற சொல் தனியாக வருவதே இல்லை. அதற்கு முன்னால் ‘கார்டியலி’ என்று ஒன்று நிற்கிறது. புதுவீட்டுக் கார்டில் ‘கன்ஸ்ட்ரக்டட்’ வந்தால் முன்னால் ‘நியூலி’. கடைத் திறப்பு நோட்டீசில் ‘ஓப்பன்ட்’ வந்தால் அங்கேயும் அதே ‘நியூலி’. பெரிய மனிதர் நடந்து வரும்போது முன்னால் ஒரு ஆள் வழி விலக்கிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது. இது ஏன் என்று கேட்க எனக்கு இங்கே யாரும் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ வெள்ளிமலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் இதுவரை ஒரு கடிதம்கூடப் போடவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று கூச்சமாக இருந்தது.

அத்தாவின் அச்சாபீசில் நான் கார்டு மடிக்கிறேன் அல்லவா, இப்போது புதிதாக ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் கொடுக்கும் காப்பி கிறுக்கலாக இருந்தால் அதை நான் நல்ல எழுத்தில் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து கம்பாசிட்டர் பூமாலை அண்ணன் எழுத்துக் கோப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக உருவத்தைப் பார்த்துத்தான் கோக்கிறார். அத்தாவுக்கும் தெரியாது. கார்டு கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. “தமிழ் பக்கம் படிக்கறதுக்கு, இங்கிலீஷ் பக்கம் பாக்கறதுக்கு” என்று அத்தா சிரிப்பார். வீணான கார்டுகளை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். எண்பது சேர்ந்திருக்கிறது. அவற்றைப் பார்த்துத்தான் படிக்கிறேன்.

‘செகண்ட் சன் ஆஃப்’, ‘தர்டு டாட்டர் ஆஃப்’ என்று பிள்ளைகளை எண்ணிச் சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் ‘ஃபர்ஸ்ட் டாட்டர்’. சரிதானே?

இப்படிக்கு,
ஜீனத்துன்னிசா


வெள்ளிமலை
1.12.1986

அடியே ஜீனத்து,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறாய், அதிலும் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நேராகக் கார்டியலிக்குப் போய்விட்டாய். இருக்கட்டும். நான் நலம். அப்பாவுக்குத்தான் நலமில்லை. கம்பவுண்டருக்கே சளி பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற சனமெல்லாம் அவருக்குக் கஷாயம் சொல்லித் தருகிறது. இங்கே குளிர் அப்படி.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கல்யாணக் கார்டு கிடையாது, மருந்து பாட்டில்தான். ஒரு பாட்டிலில் ‘கீப் டைட்லி க்ளோஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. மூடி வை என்றால் போதாது. இறுக்கி மூடினாயா, பாதி மூடினாயா, அதைச் சொல்லத்தான் அந்த முன்னால் நிற்கிற ஆள். உப்பு சர்க்கரைப் பொட்டலத்தில் ‘ஃப்ரெஷ்லி பாயில்ட் வாட்டர்’. கொதித்த தண்ணீர்தான், ஆனால் நேற்றுக் கொதித்தது ஆகாது. பார்த்தாயா, வேலை நடந்துவிட்டது என்று பின்னால் இருக்கிற சொல் சொல்கிறது. எப்படி நடந்தது, எப்போது நடந்தது என்று முன்னால் இருக்கிறது சொல்கிறது. எங்கள் டீச்சர் இதற்கு மூன்று பெயர் சொன்னார்கள். நான் மூன்றையும் மறந்துவிட்டேன்.

எல்லாம் ‘லி’ என்று முடியும் என்று நினைக்காதே. ‘ஆல்ரெடி’ என்றால் ஏற்கெனவே. ‘நாட் யெட்’ என்றால் இன்னும் இல்லை. ‘வெல்’, ‘நௌ’ இவற்றுக்கும் வால் கிடையாது. எண் வந்தால் அது எல்லாருக்கும் முன்னால் போகும். ‘த செகண்ட் நியூலி ஓப்பன்ட் ஷாப்’. புரிகிறதா? புரியாவிட்டால் புரிந்ததுபோல நடி, நான் இங்கே வகுப்பில் அப்படித்தான் செய்கிறேன்.

பத்துச் சொற்றொடர் எழுதி அனுப்பு. உன் வீட்டில் இருப்பதை வைத்து எழுத வேண்டும். காப்பியடித்தால் தெரிந்துவிடும்.

நீ ஃபர்ஸ்ட் டாட்டர்தான். நான் செகண்ட் டாட்டர். எதிலும் எனக்கு இரண்டாவது இடம்தான்.

கண்ணகி


786
கள்ளக்குறிச்சி
15.12.1986

அன்புள்ள கண்ணகிக்கு,

பத்து எழுதச் சொன்னாய். ஆறுதான் வந்தது. ஹாஃப் ஃபோல்டட் கார்ட்ஸ். ஃப்ரெஷ்லி வாஷ்ட் கர்ட்டன். த ஃபர்ஸ்ட் பேட்லி பிரின்ட்டட் நோட்டீஸ். நியூலி பாட் இங்க். வெல் ஆயில்ட் மெஷின். ஆறாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரீசன்ட்லி ஃபிக்ஸ்ட் மேரேஜ்.

ஆமாம் கண்ணகி. எனக்குத்தான். பத்து நாளாக வீட்டில் அடிக்கடி பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், நான் போனதும் மறுபடி பேசுவார்கள். போன வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து சர்க்கரை கொடுத்து நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை பெயர் மஜீத். மெட்ராஸில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராம். அவருடைய அத்தா ஷேக் மைதீன் மாமாவுக்கு உளுந்தூர்பேட்டையில் இரும்புக் கடை. எதுவும் கேட்கவில்லை என்று அம்மா நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் அல்லவா.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான் பார்த்தேன். செருப்பு புதிது.

பிப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கார்டு நம் அச்சாபீசிலேயே. மாப்பிள்ளை வீட்டார் இங்கிலீஷ் பக்கம் கட்டாயம் வேண்டும் என்றார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். என் கார்டை நானே படிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை.

ஜீனத்துன்னிசா


வெள்ளிமலை
22.12.1986

ஜீனத்து,

உன் ஆறும் சரி. ஆறாவதற்கு மட்டும் மார்க் போட மாட்டேன்.

பிரைவேட்டாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறேன் என்று யார் சொன்னது? பஸ் ஸ்டாண்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீதானே சொன்னாய்? அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கும்போதே உனக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதினேன். இங்கே விளக்கு அடிக்கடி போகும். அப்படியும் எழுதினேன். நீ செருப்புப் புதிது என்று எழுதுகிறாய்.

கோபம்தான். கோபமில்லை என்று எழுத எனக்கு வராது. கல்யாணத்துக்கு வருவேன். பிரியாணிக்காக.

கண்ணகி


786
கள்ளக்குறிச்சி
5.1.1987

அன்புள்ள கண்ணகிக்கு,

உன் கோபத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். இப்போது வேறு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எழுதிக் கொடுக்கத் தெரியாதவர்கள், வீட்டில் முன்பு யாருக்காவது அடித்த பழைய கார்டைக் கொண்டுவருவார்கள். அண்ணன் கார்டு, அக்காள் கார்டு, இப்படி. அதில் பேரையும் தேதியையும் பேனாவால் அடித்து, மேலே புதுப் பேரை எழுதிக் கொடுப்பார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அதுதான் காப்பி. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நேற்று முன்தினம் ஷேக் மைதீன் மாமா இங்கிலீஷ் பக்கத்துக்கு அப்படி ஒரு பழைய கார்டை அனுப்பியிருந்தார். பூமாலை அண்ணன் அதை அச்செழுத்துக் கேஸுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருந்தார். என் கார்டு என்பதால் ஆசையாகப் போய்ப் பார்த்தேன். என் பெயர் நீலப் பேனாவில் எழுதியிருந்தது. அத்தா பெயர் ஜான் பாஷா, நீலப் பேனா. கள்ளக்குறிச்சி, நீலப் பேனா. தேதி, நீலப் பேனா. மாப்பிள்ளை பெயரைத் தேடினேன். அது பேனாவில் இல்லை.

அச்சில் இருந்தது. அடிக்கப்படாமல், தடித்த எழுத்தில், ‘மஜீத், செகண்ட் சன் ஆஃப் ஷேக் மைதீன்’ என்று அப்படியே இருந்தது.

நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பூமாலை அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, இதுல மாப்பிள்ளை பேர மட்டும் அடிக்கலியே?”

“அதான் அச்சுலயே கீதே, இன்னாத்துக்கு அடிக்கணும்? எனக்கு வேல கம்மி” என்று சிரித்தார்.

அவர் சாப்பிடப் போனதும் கார்டை ஆணியிலிருந்து எடுத்தேன். என் பெயருக்குக் கீழே அடித்திருந்த பெயரைப் படிக்க முடியவில்லை. அவ்வளவு அழுத்தி அடித்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெற்றுத்தாள். எழுத்து அழுந்திய தடம் அதில் மேடாக இருந்தது. அச்செழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படித்துப் பழகியவள் நான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

அத்தியா பேகம். ஃபர்ஸ்ட் டாட்டர் ஆஃப் அப்துல் சுபான். மணலூர்பேட்டை. மே மாதம், 1984.

கார்டைப் பழையபடி ஆணியில் குத்தினேன். குத்தும்போது ஏற்கெனவே இருந்த ஓட்டையிலேயே குத்த வேண்டும் என்று கவனமாக இருந்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த முதல் மனைவி இறந்துபோயிருப்பாரோ? அப்படி இருந்தால் பாவம், அதை மறைப்பானேன்? தலாக் ஆகியிருந்தால் அதையும் சொல்லியிருக்கலாமே? என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்கு நீ மணலூர்பேட்டையில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போவாய் அல்லவா. எனக்காக விசாரித்து எழுது. உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை.

ஜீனத்துன்னிசா


மணலூர்பேட்டை
19.1.1987

ஜீனத்து,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

கண்டுபிடித்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று ஆற்றுத் திருவிழா. ஊர் முழுக்க ஆற்றில் இருந்தது. நான் பெரியம்மாவிடம் வளையல் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, பள்ளிவாசல் தெருவில் சுபான் பாய் வீடு எது என்று கேட்டேன். அரிசி மண்டி வைத்திருக்கிறவர் என்று காட்டினார்கள். கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. ஒரு அக்கா கதவைத் திறந்தாங்க. இடுப்பில் ஒரு குழந்தை.

தண்ணீர் கேட்டேன். “இன்னா வெயில்ல அலைஞ்சிக்கினு இருக்கற? உள்ள வாம்மா” என்று உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாங்க. குழந்தை என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது. பத்து மாதமாம். பெயர் கேட்டேன், சொன்னாங்க. அதை உனக்கு எழுத மாட்டேன்.

“அக்கா, உங்க வூட்டுக்காரரு?” என்றேன்.

“மெட்ராஸ்ல தோல் கம்பெனில கீறாரு. அங்க வூடு கெடைக்கறது கஷ்டமாம். பாத்துக்கினே இருக்கறாரு. இந்தத் தையில கூட்டிக்கினு போறேன்னு சொல்லிக்கிறாரு.”

“எப்ப வந்தாருங்க?”

“போன மாசம் வந்தாரே. கொழந்தைக்குச் சட்டை, எனக்குச் செருப்பு. அவருக்கும் புதுச் செருப்பு வாங்கிக்கினாரு. கடையில ரெண்டு எடுத்தா வெல கம்மியாம்.” சிரித்துக்கொண்டே சொன்னாங்க.

ஜீனத்து, எனக்கு வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும். வகுப்பில் பேசி வெளியே நின்றவள் நான். அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் வந்ததும் அழுகை வந்தது. திருவிழாவில் காணாமல் போன பெண் என்று நினைத்து ஒரு அம்மா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள்.

அவங்களுக்கு எதுவும் தெரியாது. தலாக் இல்லை, சண்டைகூட இல்லை. அவங்க பெட்டி கட்டி வைத்திருக்கிறாங்க. நான் பார்த்தேன்.

உன் அத்தாவிடம் உடனே சொல். அவருக்குத் தெரிந்தால் அந்த ஷேக் மைதீனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நாளைக்கு நான் மலைக்குப் போகிறேன். பதிலை அங்கே போடு.

கண்ணகி


786
கள்ளக்குறிச்சி
25.1.1987

அன்புள்ள கண்ணகிக்கு,

அத்தாவிடம் சொன்னேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது என் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை, பள்ளியை நிறுத்தாதீர்கள் என்று கேட்டது.

அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பூமாலை அண்ணன் வெளியே போயிருந்தார். ஆணியில் இருந்த காப்பியைக் காட்டினேன். “அத்தா, இதுல அவரு பேரு அச்சுல இருக்குது” என்றேன். அவர் காப்பியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“உனக்கு இங்கிலீஷு படிக்க வருமா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“தெரியும்மா” என்றார். “மொதல்லயே சொல்லிட்டாங்க.”

கண்ணகி, கடைசிவரை அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். நானும் அந்த அக்காளும்.

“அது ஒத்துவரலியாம்மா. பேருக்குத்தான் பொண்டாட்டி. நிக்காஹுக்கு முன்னால தலாக் கடிதாசி போய்டும்னு மைதீன் பாய் சத்தியம் பண்ணிக்கிறாரு. நீ ஒருத்தி நல்லபடியா போனா அடுத்த ரெண்டையும் நான் பாத்துக்குவேன்.”

நீ எழுதியதைச் சொன்னேன். பத்து மாதக் குழந்தை இருக்கிறது என்றேன். போன மாதம்தான் போய்வந்தார் என்றேன். பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். எண்ணெய்க் குவளை அவர் கையிலிருந்து சாய்ந்து தரையில் ஊற்றியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“கொழந்தையா?” என்றார். “கொழந்தைன்னு எனக்கு யாரும் சொல்லலியே.”

எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு கந்தல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: “பேச்சு குடுத்தாச்சு ஜீனத்து. தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. இப்போ நின்னா உன்ன யாரு கட்டுவாங்க?”

அந்தப் பழைய கார்டை ஆணியிலிருந்து பிடுங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டார். “நல்ல எழுத்துல நீயே ஒண்ணு எழுதி பூமாலைகிட்ட குடு. நீதான் படிச்சவளாச்சே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

நிக்காஹ் அன்று, பெண் சார்பாக வக்கீல் என்று நிற்கிற பெரியவரும் சாட்சிகளும் பெண்ணிடம் வந்து சம்மதமா என்று கேட்பார்கள். வெட்கப்படுகிற பெண் பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பெரியத்தா மகள் அப்படித்தான் பேசாமல் இருந்தாள். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள். முப்பது பெண்களுக்கு நடுவில் நான் ‘இல்லை’ என்று வாயைத் திறப்பேனா? உனக்கே தெரியும். சத்துணவு வரிசையில் சாதம் போதும் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. தட்டில் குவிந்துவிடும்.

ஆனால் காப்பியை நான் எழுதுகிறேன். பூமாலை அண்ணன் அதைப் பார்த்துத்தான் கோப்பார். புரூஃபை யாரும் படிக்க மாட்டார்கள். முந்நூறு கார்டு போகும். மெட்ராஸ் கம்பெனிக்கு, உளுந்தூர்பேட்டை டாக்டருக்கு, வக்கீலுக்கு. அவர்கள் படிப்பார்கள்.

அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், இன்னும் தலாக் ஆகவில்லை, இப்போது இரண்டாவது தடவை. தப்பில்லாத இங்கிலீஷில் எழுதி அனுப்பு. தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்தாம் தேதிக்குள் கார்டு அடிக்க வேண்டும். சீக்கிரம்.

ஜீனத்துன்னிசா


வெள்ளிமலை
30.1.1987

ஜீனத்து,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தேன். “யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உன் அத்தா எனக்குக் காகிதக் கத்தரிப்புகளில் நோட்டுத் தைத்துக் கொடுத்தவர். அவரா?

வரி இதோ. டீச்சரிடம் கதையைச் சொல்லாமல் வார்த்தைகளை மட்டும் காட்டிச் சரி பார்த்துவிட்டேன்.

‘ஆல்ரெடி மேரீட், நாட் யெட் டைவர்ஸ்ட், நௌ பீயிங் மேரீட் ஃபார் த செகண்ட் டைம்.’

பின்னால் தனித்தாளில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். கமாவை விட்டுவிடாதே.

மூன்று விஷயம் சொல்கிறேன். அந்த அக்கா பெயரைப் போடாதே. அவங்க என்ன தப்பு செய்தாங்க, முந்நூறு பேர் படிக்க? நான் பெரியம்மாவுக்கு எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிவிட்டேன். பெரியம்மா நேரில் போய் அவங்களுக்குச் சொல்வாள். கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இன்னொன்று, பூமாலை அண்ணன். அவர் ஒன்றும் தெரியாமல் கோக்கப் போகிறார். மாட்டினால் அவர் மாட்டுவார்.

மூன்றாவது, எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை அடிப்பார்களா? அடித்தால் நேராகப் பஸ் ஏறு. வெள்ளிமலை பஸ் மதியம் ஒன்றரைக்கு. டிக்கெட் காசை நீ இங்கே இறங்கும்போது நான் கொடுக்கிறேன் என்று கண்டக்டர் சின்னராசுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

கண்ணகி


786
கள்ளக்குறிச்சி
5.2.1987

அன்புள்ள கண்ணகிக்கு,

மணி பதினொன்றரை. முன்னறை அச்சாபீசில் சத்தம் கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். என்னை இன்னும் கூப்பிடவில்லை.

நேற்று உன் வரியைச் சேர்த்துக் காப்பி எழுதிக் கொடுத்தேன். பூமாலை அண்ணன் கோத்தார். “உம் மாப்பிள்ளைக்குப் பட்டம் ஜாஸ்தி போலக்குதே, ஒரு வரி புல்லா போவுது” என்றார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

இன்று காலை ஷேக் மைதீன் மாமா புரூஃப் பார்க்க வந்தார். கூடவே எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியையும் அழைத்து வந்திருந்தார், நிக்காஹ் தேதியைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதற்காக. அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். பூமாலை அண்ணன் ஈரமாக இருந்த புரூஃபைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். “எழுத்து நல்லா தடிமனா கீது. அடிச்சிடுங்க” என்றார். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று இருந்தேன்.

அப்போது முத்தவல்லி, “இங்கிலீஷ்ல இன்னாதான் போடுவீங்க பாய்? நாப்பது வருஷமா வாங்கி வெக்கிறேன், ஒருத்தரும் படிச்சிக் காட்னதில்ல” என்றார்.

அத்தா சட்டென்று, “எம் பொண்ணு படிக்கும்ங்க” என்றார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பத்து நாளாக நான் பார்க்காத முகம். என்னைப் பற்றி வெளியார் முன்னால் அவர் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. காப்பியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. “ஜீனத்து, வாம்மா. படிச்சிக் காட்டு.”

யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதான் நம் திட்டம். நானே படிக்க வேண்டியிருக்கும் என்று நாம் இரண்டு பேரும் நினைக்கவில்லை.

முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தேன். புரூஃபை எடுத்தேன். மை விரலில் ஒட்டியது. ‘கார்டியலி இன்வைட்’ வரை படித்தேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

“சத்தமா படி புள்ள” என்றார் முத்தவல்லி.

மாப்பிள்ளை பெயர் வந்தது. செகண்ட் சன் ஆஃப் ஷேக் மைதீன். அடுத்தது உன் வரி. அதைத் தாண்டி என் பெயருக்குப் போய்விடலாம். தாண்டினால் அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. கார்டு முந்நூறும் போகும், நான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். நின்றுவிட்டேன்.

“போதும்மா, போதும். கிளி மாரி படிக்குது” என்று மாமா சிரித்தார்.

நான் அந்த வரியைப் படித்தேன். கமாவில் நிறுத்தி, நீ சொன்னபடி படித்தேன்.

“இது இன்னா, நீளமா போவுது? அர்த்தம் சொல்லு” என்றார் முத்தவல்லி.

அத்தாவைப் பார்த்தேன். இன்னும் பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்காகத்தான் எனக்கு அழுகை வந்தது.

“ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். இன்னும் தலாக் ஆகலை. இப்போ ரெண்டாவது தடவை” என்றேன்.

மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அத்தா அசையவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. முத்தவல்லி கையில் இருந்த பேனாவை மூடினார்.

மாமா பூமாலை அண்ணன் பக்கம் திரும்பிக் கத்தினார். “எவன்டா இத கோத்தது? எவன் உன்ன கோக்கச் சொன்னான்? கைய ஒடிச்சிடுவேன்!”

பூமாலை அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. “காப்பில இருந்தததான் கோத்தேங்க... எழுத்து எதனா மாறிப் போச்சா பாய்?” என்று கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எல்லாரும் கத்தினார்கள். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். “பேசாத, உள்ள வா, பேசாத” என்றாள்.

நான் அவள் கையை எடுத்துவிட்டேன். புரூஃபை முத்தவல்லியிடம் கொடுத்தேன்.

“பூமாலை அண்ணன் மேல தப்பில்லைங்க. நான்தான் எழுதினேன்” என்றேன்.

ஜீனத்துன்னிசா